திரட்டும் கை

அறிவுடையீர், வாரீர்! தமிழின் பெயரால், தமிழர் அரங்கிலேயே நிகழ்ந்த ஒரு கொடுமைக்குச் சான்றாக நிற்க வாரீர்! இலையுதிர்காலத்துக் கதிரவன் வெளிறிய செப்புத்தட்டெனப் புகைபோக்கிகளின் பின்னே சரிய, மழையில் நனைந்த தண்டவாளங்கள் மின்ன, கடைவாயிலில் பரப்பிய முருங்கைக்காய்களை உள்ளெடுப்போரும் பணிமுடிந்து விரைவோருமாய் நிறைந்த இலண்டனின் ரெய்னர்ஸ் லேன் தெருவில், விளக்கொளி வழியும் அரங்கொன்றின் மேடைப்புறத்தே, ஆய்வுத்தாள்களை மார்போடு அணைத்தவளாய் நின்றிருந்தாள் துஷ்யா.

உருசியரும் போலந்தியரும் பிரிந்து போகுமுன் அவர்தம் முன்னோர் பேசிய தொல்சிலாவிய மொழியில், கையைக் குறித்த சொல் எங்ஙனம் பிறந்தது என்னும் ஒற்றை வினாவுக்கே இளமையை ஈந்தவள் அவள். ஆய்வு முற்றுப்பெறும் வேளையில் பல்கலைக்கழகம் அத்துறையையே இழுத்து மூடிற்று. தட்டிய கதவெல்லாம் திறவாதொழிய, எஞ்சியது ஒன்றே: அன்று அவ்வரங்கில் விழாவெடுத்த, புதிதாய் ஆய்வு நடுவம் ஒன்றை நிறுவவிருந்த தமிழ் மன்றம். அதன் தலைவர் சச்சிதானந்தனோ அதற்கொரு விலை கேட்டார்.

“பிள்ளை, ரஷ்யன் கையை ‘ருகா’ எண்டுறான். எங்கடை ‘இருகை’தான் அங்கை போய்த் தேய்ஞ்சு கிடக்கு. மேடையிலை அதைச் சொல்லிவிடும். நாளைக்கே நடுவம் உம்மடை பொறுப்பிலை.”

“அது பிழை, அங்கிள். பழைய சொல்லிலை ஒரு மூக்கொலி இருந்தது. அதுக்கு உறவான மொழி பேசுற லித்துவேனியன் இண்டைக்கும் ‘ரங்கா’ எண்டுதான் சொல்லுறான். திரட்டுறது எண்ட பொருளிலை அவையளுக்கு இருந்த வினையிலையிருந்து வந்தது அது.”

“சனம் கைதட்டத்தானே வந்திருக்கு? ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே!”

“அப்ப உந்த உண்மையை அவிச்சுத் தின்னும்.”

ஒரு பொய் உரைத்தால் வாழ்வு. மெய் உரைத்தாலோ வெறுந்தெரு. இவ்விரண்டுக்கும் நடுவே மேடையேறியவள், ஒலிவாங்கியைப் பற்றினாள். “இச்சொல் நம்முடையதன்று. பொருள்களைத் திரட்டுவதால் கைக்கு அப்பெயரைச் சிலாவியரின் முன்னோர் இட்டனர். பிறர் பெற்ற பிள்ளைக்கு நாம் தந்தையெனக் கூறுதல் தமிழுக்கு…”

ஒலிவாங்கி ஊமையானது. உதடுகள் மட்டும் அசைந்தன. “இறங்கும் பிள்ளை!” என்றொரு குரல், “ஆற்றை ஆள் இவ, ஆர் அனுப்பினது?” என்றொரு நகைப்பு. இறக்கிவிட விரைந்தவர் தோள் இடிக்க, தாள்களெல்லாம் படிகளில் சிதறின. மண்டியிட்டு ஒவ்வொன்றாய் அவள் திரட்டினாள். பொய்க்குத் தட்டக் காத்திருந்த அத்தனை கைகளுள், ஒரு தாளை எடுக்கக் குனிந்த கை ஒன்றேனும் இல்லை!

தமிழ்ப் பெருமக்களே, உங்கள் ஊர் அரங்கிலும் நாளை ஓர் ஒலிவாங்கி அணைக்கப்படும். அன்று இருக்கையில் உறையாதீர்! எழுமின்! “அவள் பேசட்டும்” என முழங்குமின்! கைதட்டுமுன், குனிந்து அத்தாள்களைத் திரட்டுமின்!