மேனேஜர் எதையும் கடிக்கவில்லை

வெட்டத் தொடங்கிய திரைச்சீலைத் துணியை மேசையில் அப்படியே போட்டுவிட்டு, பால் பொங்கப் போகிறதே என்று தையல்காரி சமையலறைக்கு ஓடியிருந்தாள். திரும்பி வந்தபோதுதான் உறைத்தது. துணியின் ஒரு நுனி தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஓட்டை இல்லை. எச்சில் ஈரம்கூட இல்லை.

கைக்கெட்டும் தூரத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தது.

"ஏய், உனக்கு என்ன கேடு?" என்றாள்.

அது மூக்கை மட்டும் அசைத்தது.

சாம்பல் நிற முயல். மகள் வாங்கியது. வாங்கிய கையோடு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வீடு பார்க்கும்வரை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு பார்த்துக் குடியேறி, அந்த வீட்டையும் மாற்றியாகிவிட்டது. முயல் இங்கேயே இருந்தது. மகள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் வேலையையும் வந்து வந்து பார்வையிட்டதால் தையல்காரி அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள்.

மேனேஜர் தின்று தீர்த்தது கொஞ்சநஞ்சமல்ல. சார்ஜர் வயர்கள், நாற்காலிக் கால், ஒரு பள்ளிச் சீருடையின் கைப்பட்டை. அளவு நாடாவில் முதல் இரண்டு அங்குலம். அதன் பிறகு அவள் மூன்றிலிருந்து அளக்கப் பழகினாள். துணி வெட்டும்போது ஒருநாள் அந்தக் கணக்கு மறந்துபோய், ஒரு வாத்தியாரின் பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றுவிட்டது. மகள் போன் செய்யும்போதெல்லாம் அவள் முதலில் சொல்வது இதைத்தான்: இன்று உன் முயல் எதைத் தின்றது. கடைசியில் சொல்வதும் மாறாது: எவனாவது கேட்டால் கொடுத்துவிடப் போகிறேன்.

இப்போது கொஞ்ச நாளாகச் சொல்ல ஒன்றுமே இல்லை.

அன்று முழுக்க ஒரு கண் தையலிலும் ஒரு கண் தரையிலுமாக இருந்தாள். கீரையைப் போட்டால் மேனேஜர் ஓடிவந்தது. இலையைத் தின்றது. தண்டை வாயில் வாங்கி, தலையை ஒருபக்கம் சாய்த்து, கீழே போட்டுவிட்டது. புல்லை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. தாடைக்குக் கீழே முடி நனைந்து ஒட்டியிருந்தது. கூட்டும்போது பார்த்தால் புழுக்கைகள் வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. யாரிடமாவது சொல்லலாம் என்று வாயெடுத்தாலே அபத்தமாக இருந்தது.

இருந்தாலும் கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுபவர். நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் எது சத்தமில்லாமல் இருந்தாலும் அவருக்குச் சம்மதம்.

"சாப்பிடுதுல்ல? விடும்மா."

"தண்ட சாப்பிடல."

"நானும்தான் தண்ட சாப்பிட மாட்டேன். என்னை என்னிக்காவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியா?"

"ஒரு வாரமா எதையும் கடிக்கலங்க."

"வயசாச்சு. புத்தி வந்திருக்கு."

"வயசானா புத்தி வரும்னு இந்த வீட்ல இருந்துக்கிட்டு சொல்றீங்க பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். மேனேஜரைத் தாண்டிப் போகும்போது, "நல்ல பிள்ளை" என்று வேறு சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பக்கத்துத் தெரு டீச்சரும் அதையே சொன்னாள். "எவ்ளோ சாதுவா ஆயிடுச்சு! என்ன பண்ணீங்க?"

"நான் என்னத்த பண்றது" என்றாள் தையல்காரி, வாயில் குண்டூசியோடு.

அன்று மாலை மகளை அழைத்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காக, வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். பாதியிலேயே மகள் பெருமூச்சு விட்டது கேட்டது.

"அம்மா, வச்சுக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடு. சுத்தி வளைக்காத."

"நான் எங்கடி வளைச்சேன்?"

"இவ்ளோ நாளும் அதத் தின்னுது, இதத் தின்னுதுன்னு உயிர எடுத்த. இப்ப திங்கலன்னும் குறை சொல்ற. நான் என்னதான் பண்ணட்டும்? என் ஃப்ரெண்டு ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கா. அங்க விட்டுடறேன். உனக்கும் நிம்மதி."

மகள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தான் இத்தனை நாள் கொட்டிய புலம்பலே இப்போது வாயை அடைக்கிறது.

"வேலையப் பாரு, போ" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் கணவருக்கு விடுமுறை. துணிக்கூடையில் பழைய துண்டைப் போட்டு, மேனேஜரை அதில் வைத்து, கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

மருத்துவமனையில் நாய்களும் பூனைகளும் நிறைந்திருந்தன. வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன பிரச்சினை?"

"தொந்தரவு பண்ண மாட்டேங்குது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "வாந்தி?"

"முயல் வாந்தி எடுக்காதும்மா."

"காய்ச்சல்?"

"நெத்தியில கை வச்சா காட்டுற ஜாதியா அது?"

கணவர் சுவரில் இருந்த நாய் உணவு விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்.

உள்ளே இளம் டாக்டர். மகள் வயதுதான் இருப்பாள். மேசையில் இறக்கிவிட்டதும் மேனேஜர் செய்த காரியத்தைத் தையல்காரி சாகும்வரை மன்னிக்க மாட்டாள். வீட்டில் சுவரோரம் துவண்டு கிடந்த சனியன், இங்கே காதை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்து, இப்போதுதான் பதவி உயர்வு கிடைத்ததுபோல் விறைப்பாக நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நடை வேறு.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இதயத்தைக் கேட்டாள். முன்பற்களைப் பார்த்தாள்.

"நல்லா சுறுசுறுப்பாத்தானே இருக்கு ஆன்ட்டி. புல்லு கொஞ்சம் மாத்திப் பாருங்க. சரியாயிடும்."

"பார்த்தியா?" என்றார் கணவர், கூடையை எடுத்தபடி.

தையல்காரி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"வைங்க கூடைய" என்றாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். பெரிய படிப்புப் படித்தவர்களிடம் அவள் குரல் உயர்த்தியதில்லை. "டாக்டர், இது நடிக்குது. என் வயர் அஞ்சாறத் தின்னுச்சு. நாற்காலியத் தின்னுச்சு. அளவு நாடாவத் தின்னுச்சு. துணின்னு ஒண்ணு தரையில பட்டா போச்சு. அப்படிப்பட்ட ஜென்மம், ஒரு திரைச்சீலை முழுசா கீழ கிடக்கு, பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கு. வாயில போட்டதக் கீழ போடுது. தாடையெல்லாம் ஈரம். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இது நல்லா இல்ல. நீங்க இன்னொரு தடவ பார்க்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

வெளியே ஒரு நாய் குரைத்தது. டாக்டரின் கை மேனேஜரின் தாடைக்குக் கீழே போனது. விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள்.

"கடிக்கறத எப்ப நிறுத்துச்சு?"

"ஒரு வாரம் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

டாக்டர் துண்டை எடுத்து மேனேஜரைக் குழந்தைபோல் இறுக்கிச் சுற்றினாள். காது பார்க்கும் விளக்குக் கருவியை வாயின் ஓரமாக நுழைத்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கடைவாய்ப் பல்லு," என்றாள், குரல் மாறி. "முயலுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு உள்பக்கமா கூரா வளந்து நாக்கக் கிழிச்சிருக்கு. நல்ல புண்ணு. முன்னாடி பார்த்தா தெரியாது. வலியையும் வெளிய காட்டிக்காது, அதுங்க சுபாவம் அப்படி."

கணவர் கூடையை மெல்லத் தரையில் வைத்தார்.

"மயக்கம் கொடுத்துத்தான் அந்தப் பல்ல ராவித் தேய்க்கணும். முயலுக்கு மயக்கம் கொடுக்கறது கொஞ்சம் ஆபத்துதான். இது வேற சரியாச் சாப்பிடாம இருந்திருக்கு. விட்டா சாப்பாட்ட மொத்தமா நிறுத்திடும், அப்புறம் காப்பாத்த முடியாது. ஓனர் சம்மதம் வேணும். உங்களோடதுதானே?"

தையல்காரி மகளை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாவது தடவை, 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று செய்தி வந்தது.

"பொண்ணோடதா?" என்றாள் டாக்டர். "அவங்க பேசற வரைக்கும் வேணா வெயிட் பண்ணலாம்."

துண்டுக்குள்ளிருந்து மேனேஜரின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. இப்போது விறைப்பு போயிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நடித்துக் களைத்துவிட்டது.

"என்னோடதுதான்" என்றாள் தையல்காரி. "பண்ணுங்க."

கதவு மூடிக்கொண்டது. கணவர் தேநீர் வாங்கி வந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. "எனக்குத் தோணவே இல்லம்மா" என்றார். தேநீர் அவர் கையிலேயே ஆறியது. எதிரே ஒரு கிழ நாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தபோது தையல்காரி டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்த துண்டைத்தான் பார்த்தாள். துண்டு அசைந்தது.

"முழிச்சிடுச்சு. ஆனா சாப்பிட்டாத்தான் அனுப்புவேன்."

ஊசியில்லாத சிரிஞ்சில் பச்சைக் கூழ். ஓரத்து அறையில் உட்கார்ந்து, மேனேஜர் இருந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரி ஊட்டத் தொடங்கினாள். கொஞ்சம் உள்ளே போனது, மீதி அவள் புடவையில் வடிந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"அம்மா, எதுக்கு அத்தன தடவ கூப்பிட்ட?"

சொன்னாள். பல், புண், மயக்கம். மறுமுனையிலிருந்து அழுகையோடு கோபம் வந்தது.

"இவ்ளோ ஆயிருக்கு, ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன்டீ!"

அந்தச் சத்தத்தில் வெளியே நாய்கள் எல்லாம் ஒருசேரக் குரைத்தன. கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"தண்டக் கீழ போடுதுன்னு சொன்னேன். புழுக்கை சிறுசா இருக்குன்னு சொன்னேன். நீ ஃப்ரெண்டு வீட்டுக்கு அனுப்பறேன்னு சொன்ன!"

மகள் மூக்கை உறிஞ்சினாள். "நீ திட்டறதாத்தான் நினைச்சேன்மா."

"திட்டத்தான் செஞ்சேன். திட்டினா பொய்யா?"

பேசிக்கொண்டே சிரிஞ்சை மறுபடி நீட்டினாள். மேனேஜர் கூழை விழுங்கியது. அடுத்த வாய்க்குத் தலையைத் திருப்பியது. அவள் விடவில்லை. அது துண்டை உதறிக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னங்காலால் கூடையின் அடித்தட்டில் ஓங்கி ஓர் அறை அறைந்தது.

"அம்மா? என்ன சத்தம் அது?"

"என்னத்தான் திட்டுது" என்றாள் தையல்காரி. சிரிஞ்சில் இன்னும் பாதி இருந்தது. "போன வை. எங்களுக்கு வேலை இருக்கு."