சீட்டில் இல்லாதது

நர்சிங் பிள்ளைகள் அந்த டீச்சருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். யார் வாயைத் திறந்தாலும் பாதியிலேயே வெட்டிவிடுவாள். புகார்மேல் புகார் போனதால், ஆசிரியர்களுக்கு நடத்தும் ஐந்து நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். தேறினால் வகுப்பு, தேறாவிட்டால் சாமான் அறையில் பஞ்சுப் பொட்டலம் எண்ண வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டார்கள்.

இன்று பரீட்சை. மாணவிக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதில் உள்ள தப்பைத் தான் செய்ததாக அவள் நடிக்க வேண்டும். டீச்சர் அதட்டாமல் பேசி அதை வெளியே கொண்டுவர வேண்டும். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாய் திறக்கக் கூடாது. நடிப்பா என்று கேட்டால் அதோடு ஃபெயில். மூன்றாம் நாள் ஒருத்தி அழுது நடித்ததை நம்பி, இவள் தண்ணீருக்கு ஓட, கூடமே சிரித்திருந்தது.

எதிரே வந்து உட்கார்ந்த பெண் காலை டூட்டியிலிருந்து நேரே வந்தவள். மூலையில் மார்க் போட உட்கார்ந்திருந்த டாக்டர் கடிகாரத்தை ஓடவிட்டார்.

இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். பெண் நகத்தைப் பிய்த்தாள். டீச்சர் தலைச்சுமையோடு நிற்பவள் போல மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

“ஏழாம் பெட் அக்காவுக்கு இன்சுலின் போட்டேன் டீச்சர். அப்புறந்தான் பாத்தேன், ஸ்கேனுக்காக வெறும் வயித்துல வெச்சிருக்காங்க.”

சர்க்கரையை இறக்குகிற மருந்து, வயிற்றிலோ ஒன்றுமில்லை. எப்போது போட்டாய் என்று டீச்சர் கேட்டாள். ஒரு மணி நேரம் ஆகிறதாம். உங்களுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவீர்களே என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

டாக்டர் தலையாட்டி ரசித்தார். நடிப்பு பிரமாதம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

நடிப்புதானா? கேட்டால் இருபது வருட டீச்சர் வேலை போச்சு. கேட்காமல் விட்டால்? பெண்ணின் மேலுதடு வேர்த்திருந்தது.

“இது சீட்டுல இருக்கா, நிஜமா?”

டாக்டர் பேனாவை எடுத்தார்.

“சீட்டுல லேட்டா வந்தேன்னுதான் இருக்கு டீச்சர்.”

வார்டு போனை யாரும் எடுக்கவில்லை. டீச்சர் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு மாடி. பின்னால் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஏழாம் கட்டில்காரி தொப்பலாக நனைந்து, வீட்டில் இருப்பதாக நினைத்து யாரையோ கதவைச் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரலில் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை நாற்பதுகூட இல்லை. டாக்டரே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவள் தெளிந்து சுற்றிலும் பார்த்து, “ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?” என்றாள்.

டீச்சரோடு வார்டுக்கு வெளியே வந்த டாக்டர் தயங்கினார். “கேக்கக் கூடாததக் கேட்டுட்டீங்க. நான் அப்படித்தான் எழுதணும்.”

“எழுதிக்கோங்க சார். வழிய விடுங்க, கால் மணி நேரத்துல மறுபடி சக்கரை பாக்கணும்.”

உள்ளே அந்தப் பெண், வார்டு சிஸ்டர் கேட்குமுன்னே, ஊசி போட்டது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.