நீலச் சிறகைப் பந்தயம் வைத்தவள்

மகள் இசக்கிசெல்வி எபினேசரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அன்று, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று செல்லப்பா சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக அவளும் முழிக்கவில்லை. சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. மனைவி முருகம்மாள் மகளோடு போனில் பேச ஆரம்பித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டிலிருக்கும் தன் பெயிண்டுக்கடைக்கு வந்துவிடுவார்.

கல்லூரி நாட்களில் அவள் அந்தக் கடையில் உட்கார்ந்துதான் செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவாள். ஒரு மதியம், அதே விளையாட்டைத் தன் போனில் இறக்கி அவள் பெயரைத் தேடினார். 'பெயிண்டுக்கடைக்காரி' என்ற பெயரை அவள் இன்னும் மாற்றியிருக்கவில்லை. அந்நேரம் வந்த பெயிண்டருக்கு வெள்ளை டின்னுக்குப் பதில் மஞ்சள் டின்னைத் தூக்கிக் கொடுத்தார்.

குருவிகுளம் வேல்சாமி என்று பெயர் வைத்துக்கொண்டு அவள் குழுவில் சேர்ந்தார். எழுத்தில் மட்டும் பேசுவார், மைக்கைத் தொடமாட்டார். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, விளையாட்டில் அவளோடு விமானத்திலிருந்து குதிப்பார். குதித்த வேகத்தில் செத்தும் போவார்.

"அண்ணாச்சி, சுவரோரமா நில்லுங்கன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்!" என்று அவள் குரல் காதில் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே மறுநாளும் வெட்டவெளியில் போய் நிற்பார்.

அந்தக் குழுவில் ஒரு சூதும் நடந்தது. விளையாட்டில் சேர்த்த உடை, சிறகு, துப்பாக்கி என்று இரண்டு பேர் பந்தயம் வைப்பார்கள். திரையில் சக்கரம் சுற்றும். யார் பக்கம் நிற்கிறதோ, இருவர் பொருளும் அவருக்கு. இசக்கிசெல்வி இரண்டே மாதத்தில் பாதியைத் தொலைத்திருந்தாள். மிச்சத்தில் உயிராக வைத்திருந்தது ஒரு ஜோடி நீலச் சிறகு. ஒருநாள் அதையும் வைத்தாள்.

"வேண்டாம்மா. எதுக்கு இந்தப் பந்தயம்?" என்று எழுதினார்.

"பந்தயம்னாத்தான் எல்லாரும் வருதாங்க அண்ணாச்சி. நாப்பது பேரு என் பேரச் சொல்லுதாங்க. இல்லன்னா, அவுக வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் இங்கன சுவரப் பாத்துட்டு இருக்கணும்."

யாரோ ஒருவன் அந்தச் சிறகைக் கொண்டுபோவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. தன்னிடமிருந்த அத்தனையையும் வைத்து எதிர்ப்பக்கம் தானே இறங்கினார். தோற்க வேண்டும் என்று கோமதியம்மனை வேண்டிக்கொண்டார். சக்கரம் அவர் பக்கமே நின்றது.

குழு ஆர்ப்பரித்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் மைக்கில் கேட்டது. கணக்கில் மார்க் குறைந்தால் சின்ன வயதிலும் இப்படித்தான் அழுவாள், சத்தம் வராமல்.

சிறகை உடனே அவளுக்கு அனுப்பினார். அவள் தனியாக அவரை அழைத்தாள்.

"ஜெயிச்சத யாராவது திருப்பித் தருவாகளா? நீங்க யாரு அண்ணாச்சி?"

செல்லப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து மைக்கை அமுக்கினார்.

"ஏட்டி... கடையிலருந்துதான் பேசுதேன்."

அழைப்பைத் துண்டித்துவிடுவாள் என்றே நினைத்தார்.

"அந்த ஃபேன இன்னும் மாத்தலயாப்பா? கடகடன்னு கேக்கு."

"மாத்தணும்" என்றார். பிறகு, "பந்தயத்த விட்டுரு மக்கா. பேச ஆள் வேணும்னா என்னியக் கூப்பிடு."

"எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

அவள் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. அடுத்த வாரம் ஒரு துப்பாக்கியை வைத்துத் தோற்றாள். தோற்றதை அவளே போனில் சொன்னாள். அவர் திட்டவில்லை. அதன் பிறகு ஒருநாள், குழுவிலிருந்து விலகிவிட்டதாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் செல்லப்பா கேட்டார்.

"ஊருக்கு எப்ப வார?"

"அவுகளோடதான் வருவேன்ப்பா."

"ரெண்டு பேத்தையுஞ் சேத்துத்தான் கேட்டேன்."

"அவுககிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வரும் பஸ் கடையைத் தாண்டும்போதெல்லாம், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு செல்லப்பா வாசலுக்கு வந்து நிற்கிறார்.