முப்பத்தோரு தொலைபேசி எண்கள்

லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் உதிரிபாகங்கள் வாங்கும் பிரிவுக்குப் பத்தொன்பது வருஷம் மேலாளராக இருந்தார் பாங் கிசொப். தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில், தென்கொரியாவைப் பிடித்த பண நெருக்கடியில், கம்பெனியை மூடிவிட்டார்கள். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு குன்சானில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். வேலை தேட அவர் மட்டும் சியோலில் தங்கினார். மலிவு விடுதியில் ஜன்னலில்லாத அறை, படுத்தால் கால் கதவில் இடிக்கும். கீழே பொதுச் சமையலறையில் சோறும் கிம்ச்சி ஊறுகாயும் இலவசம். அங்கே சாப்பிட வந்த ஆண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார்கள்.

தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போவார். விளம்பரங்களை நகலெடுக்கும் நீள மேசையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி பியோ சுன்னாமுடையது. வங்கிக் கவுண்டரில் இருந்து வேலை இழந்தவள். ஒருநாள் அவருடைய விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். கல்லறைல எழுதுற மாதிரி இருக்கு. பொறந்தது, படிச்சது, பதவி. செத்த தேதி ஒண்ணுதான் குறை."

"வேற என்னம்மா எழுதுறது?"

"நீங்க லீவு போட்டா அங்க எது நின்னுபோகும்?"

கிசொப் யோசித்தார். "எந்த சாமான் எங்க கிடக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? ஒரு விளம்பரத்துக்கு நானூறு பேர் எழுதுறாங்க. உங்ககிட்ட சாமான் வித்தவங்களுக்குப் போன் போடுங்க. வேலை கேக்காதீங்க, கேட்டா போனை வச்சிருவாங்க. என்ன கஷ்டம், எது கிடைக்கலன்னு கேளுங்க."

"நீயும் அப்படித்தான் தேடுறியா?"

"எனக்கு யாரைத் தெரியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னவங்களத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி எழுதத் தொடங்கினாள்.

அந்த வார இறுதியில் ஞாபகத்திலிருந்தும் பழைய விசிட்டிங் கார்டுகளிலிருந்தும் முப்பத்தோரு எண்களைக் காகிதத்தில் எழுதினார். எல்லோரும் அவர் ஒருகாலத்தில் விலை குறைக்கச் சொல்லி நெருக்கியவர்கள். திங்கட்கிழமை பொதுத் தொலைபேசியில் முதல் எண்ணை அழுத்தியபோது தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து புறப்படுமுன் அறையில் நின்று செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். அந்தத் தட்டல்கூட ஒரு பேச்சுத்துணை போல இருந்தது.

பல எண்கள் செத்துப்போயிருந்தன. சிலர் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள், பன்னிரண்டாவது எண்ணில் மோ ஜேசொல் எடுத்தார். சின்னப் பட்டறைக்காரர்.

"அட, மேலாளரா? அன்னைக்கு என்னை ரெண்டு மணி நேரம் வாசல்ல உக்கார வச்சீங்களே. இப்ப வாசல்ல உக்காந்திருக்கிறது யாரு?"

"நான்தான்."

"சரி, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். தொழில் எப்படிப் போகுது, எது கிடைக்காம திண்டாடுறீங்க?"

"எனக்கு ஆர்டரே இல்ல, எங்க திண்டாடுறது? அன்சான்ல லிஃப்ட் ரிப்பேர் பண்ற கி தொங்மின்னு ஒருத்தர், அவர்தான் பாவம். டாலர் ஏறுனதுல ஜப்பான் சாமான் வரல. அவர் பாக்குற அபார்ட்மென்ட் பதினாலு மாடி, லிஃப்ட் நின்னு மூணு வாரமா கிழடுகட்டைங்க படியேறுது. ஒரு கன்ட்ரோல் போர்டு கேட்டு எனக்கே நாலு தடவ போன் பண்ணிட்டார்."

போர்டின் மாடல் எண்ணையும் கி தொங்மினின் முகவரியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார் கிசொப். அதே போர்டு இரண்டு, டேஜானில் கட்டுமானம் பாதியில் நின்ற ஒரு ஹோட்டலுக்கு அவர் கையாலேயே அனுப்பியவை. மறுநாள் முதல் ரயிலில் போனார். காவல்காரர் முதலில் உள்ளே விடவில்லை. கட்டட முதலாளியைத் தேடிப் பிடித்து, சாமான் விற்றால் காசு, கிடந்தால் துரு என்று பேசி, ஒன்றைப் பெட்டியோடு கடனாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மாலைக்குள் அன்சான் போய்ச் சேர்ந்தார்.

கி தொங்மின் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு இவருடைய டையைப் பார்த்தார்.

"உங்கள யார் அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. லிஃப்ட் கம்பெனில சாமான் வாங்குற மேலாளரா இருந்தேன். நாட்டுல எங்கெல்லாம் சாமான் தூங்குதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது தேவப்படும்னு தோணுச்சு."

"வேலைக்கு வரலாம், ஆனா பழைய சம்பளமெல்லாம் இங்க நடக்காது. மேலாளர் நாற்காலியும் கிடையாது. கை அழுக்காகும்."

"பரவால்ல."

"மூணு மாசம் பாப்போம்."

செய்தியைச் சொல்ல வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார் கிசொப். சுன்னாமின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். நாலு நாளாக அந்தப் பெண் வரவில்லை என்றார் கவுண்டர் ஆள். வேலை கிடைத்துவிட்டதா, வேறெதுவுமா, அவருக்கும் தெரியவில்லை. கிசொப்பிடம் அவளுடைய முகவரி இல்லை. முப்பத்தோரு பேரை எழுதியவர் பக்கத்து நாற்காலிக்காரியின் எண்ணைக் கேட்கத் தோன்றாமல் இருந்துவிட்டார். மாலைவரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, ரயில் நிலையத்துக்குப் போய்க் குன்சானுக்குப் போன் செய்தார்.

"நல்லதுதான்" என்றாள் மனைவி. "ஆனா பொண்ணு இங்க ஸ்கூல்ல சேந்துட்டா. மூணு மாசம்தானே சொல்லிருக்காங்க? அதுக்கப்புறம் பேசலாம்."

"சரி. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு" என்று பொய் சொன்னார். அன்சான் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரக் கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கினார். சுவர்ப் பக்கம் இடம் காலியாக இருந்தும், கடைக்காரிக்கு எதிரில் நின்று சாப்பிட்டார்.