தொண்ணூறு நாள் முன்பதிவு

"பிரஷ்ஷக் கீழ போடுங்கண்ணே! போடுறீங்களா, ஏணியை ஆட்டவா?"

"ஆட்டாதம்மா! பாய் அடிக்கச் சொன்னாரு, அடிக்கிறேன். என்கிட்ட ஏன் பாயுற?"

"ஆமா, நான்தான் சொன்னேன். செவரு என்னுது, கல்யாணம் என் மகளுக்கு. இதுல ஒனக்கு எங்க வலிக்குது மலரு?"

"பதினோரு நாள் மாமா! இன்னும் பதினொரே நாள்!"

ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடியில் எங்கள் தெரு இப்படித்தான் விடிந்தது. ஏணியின் உச்சியில் பெயிண்டர் பரிதி. அடியில், துபாயிலிருந்து திரும்பி வந்து ஜவுளிக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அடுத்த வீட்டு இராஜாங்கத்தின் மகள் மலர்க்கொடி. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் சாக்கில் நான். ஏற்கெனவே காய்ந்த துணிதான், அதனால் என்ன?

மலர்க்கொடி திருவாரூர்ப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. பாடம், அரசியல் தொடர்பியல். கட்சிகள் ஜனங்களிடம் எப்படிப் பேசுகின்றன என்று இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். எங்கள் தெரு முக்குட்டு டீக்கடையில் அதை இரண்டு வடைக்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் நடவு நட்ட கையோடு மகளை பஸ் ஏற்றிவிட்ட அவள் அம்மா கண்ணாத்தாளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கருக்கரிவாளோடு வருவாள்.

பட்டம் வாங்க ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். மலர்க்கொடி எடுத்த தலைப்பு சுவர். எங்கள் ஊரில் தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே கட்சிக்காரர்கள் வந்து, சுவர் மூலையில் கட்சிப் பெயரையும் 'முன்பதிவு' என்ற வார்த்தையையும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தச் சுவரை எதிர்க்கட்சிக்காரன் தொடமாட்டான். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறுவான், முன்பதிவை மீறமாட்டான். வெறும் சுவர் ஒன்றைத் தொண்ணூறு நாள் தினமும் காலை ஏழு மணிக்குப் படம் எடுத்து, எந்தக் கட்சி எப்போது பிடிக்கிறது என்று எழுதுவது அவள் திட்டம். தெருவிலேயே நீளமான சுவர் நெய்னா வீட்டுச் சுவர்தான். அவரும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

அதற்குள் சிமெண்டு விளம்பரக்காரன் டப்பாவோடு வந்துவிடுவானோ என்று பயந்து, பெண் ஒரு காரியம் செய்தாள். நீலச் சாயத்தில் மூலையில் எழுதினாள்: 'முன்பதிவு. நவம்பர் 1 முதல் ஜனவரி 29 வரை.'

கட்சிப் பெயர் இல்லை. எப்படி இருக்கும், கட்சியே இல்லையே!

எங்கள் ஊருக்கு அது பிடிபடவில்லை. கட்சி இல்லாமல் எவனாவது சுவர் பிடிப்பானா? பெயர் போடவில்லை என்றால் பெரிய இடம், சரியான சமயத்தில் அறிவிப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றுவரை "ஏ மலரு" என்று கூப்பிட்ட வட்டச் செயலாளர் பிரபு, மறுநாள் "மேடம்" என்றான்.

"அண்ணே, நான் படிக்கிறேன். பரீட்சைக்காக எழுதுனது."

"புரியுது மேடம். மேலிடத்துல வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. கூட்டணின்னு வந்தா நம்மள மறந்துராதீங்க."

அவள் மறுக்க மறுக்கக் கட்சி வளர்ந்தது. ஆனால் சுவரை ஒருவரும் தொடவில்லை. எழுபத்தொன்பது நாளுக்கு எழுபத்தொன்பது படம், எல்லாம் ஒரே சுவர். ஒன்றில் மட்டும் ஆடு இருந்தது. பாதி நாளிலேயே மலர்க்கொடி அழுதுகொண்டே பேராசிரியரிடம் போயிருந்தாள். அவர், "யாரும் தொடாததுதான் உன் ஆய்வு. தொண்ணூறு நாளும் அப்படியே இருந்தா எழுது. நடுவுல ஒரு கை பட்டுச்சுன்னா அடுத்த வருஷம் முதல்லேர்ந்து ஆரம்பி" என்றுவிட்டார். இன்னொரு வருஷத்துக்கு இராஜாங்கம் வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை.

இந்த நிலையில்தான் பரிதி ஏணியைச் சாத்தினான். இருபத்தைந்தாம் தேதி நெய்னா மகள் சுமையாவுக்கு நிக்காஹ்.

சத்தம் கேட்டுப் பிரபு ஓடிவந்தான். பின்னாலேயே எதிர்க்கட்சிக்காரர்கள். "பாய், முன்பதிவு செவத்துல வெள்ளையடிச்சா நாளைக்கு எங்க செவத்துக்கு என்ன மரியாதை?" என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் கேட்டன. இந்த வார்டு உண்டானதிலிருந்து அப்படி ஒரு ஒற்றுமையை நான் கண்டதில்லை. பரிதி இறங்கிவிட்டான். "எந்தக் கட்சின்னே தெரியாம நான் கை வைக்க மாட்டேன் பாய். புள்ளகுட்டிக்காரன்."

"மாப்பிள்ளை வீட்டார் அழுக்குச் செவத்தப் பாத்தா உள்ள வருவாங்களா?" நெய்னாவின் குரல் உடைந்துவிட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஹமீதா பானு வந்தார். "எதுக்கு இம்புட்டுக் கூச்சல்? மத்த மூணு பக்கம் வெள்ளையடிங்க. இந்தப் பக்கம் பட்டுத்துணியாத் தொங்கவிடுவோம், கடையில இல்லாத துணியா? மலரு, காலையில வந்து தூக்கிப் படம் எடுத்துட்டு இறக்கி விட்டுரு."

அப்படியே நடந்தது. தினமும் ஏழு மணிக்குத் துணி மேலே போகும், படம் எடுப்பாள், துணி இறங்கும். பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. துணியைத் தூக்கும் கயிறு பிரபு கையில்தான், கேட்டு வாங்கிக்கொண்டான்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டு வேன் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக, சரியாக ஏழுக்கு வந்து நின்றது. இறங்கியவர்கள் எதிரே பச்சைப் பட்டு மெல்ல உயர்ந்தது. உள்ளே பாசி பிடித்த சுவர். நெய்னா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா ஏதோ திறப்பு விழா என்று நினைத்துக் கைதட்டினார். வேன் முழுக்கத் தட்டியது. எண்பத்தாறாவது படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மீதி நாலு நாளும் சுவர் அசையவில்லை. வாய்மொழித் தேர்வில், அந்தப் படத்தில் நிற்பவர்கள் எந்த அணி என்று கேட்டார்களாம். "மாப்பிள்ளை வீட்டார்" என்றாளாம். முதல் வகுப்பு.

சுமையா மாப்பிள்ளையோடு அபுதாபி போய்விட்டாள். மலர்க்கொடிக்குச் சென்னையில் தேர்தல் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை. கண்ணாத்தாளும் கூடப் போய்விட்டாள், இராஜாங்கம் மட்டும் அறுப்பு முடியட்டும் என்று இருக்கிறார். பிரபு இருந்த கட்சியை விட்டு விலகி, அந்தப் பெயரில்லாத புதுக் கட்சியின் அறிவிப்புக்குக் காத்திருக்கிறான். திருவையாற்றில் பெண் எடுத்தான். பெண் வீட்டாரிடம் மாவட்ட அமைப்பாளர் என்று சொல்லியிருக்கிறார்கள். எதன் அமைப்பாளர் என்று அவர்களும் கேட்கவில்லை. சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.