நத்தார்க் கோழி

கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் ஒவ்வொன்றுக்கும் ஞானராணி உயிர்க்கோழி ஒன்றை மைமூனா வீட்டுக்குக் கொண்டுவருவாள். மைமூனாவின் கணவர் ஜவுபர் பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுப்பார். அப்போதுதானே மைமூனாவும் ஞானராணியின் மேசையில் இருந்து அந்தக் கறியைச் சாப்பிடலாம். சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். ஒரு கறியை வைத்து அவர்களைப் பிரித்துவிட முடியுமா?

இந்த ஆவணியில் ஞானராணி போய்விட்டாள். நத்தாரன்று கோழி வரவில்லை.

"துக்க வீட்டுக்குச் சாப்பிடப் போறதா? ஊர் சிரிக்கும் உம்மா," என்றாள் மகள் ஹுஸ்னியா.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

மைமூனா தன் வீட்டுச் சேவலையே பிடித்து ஜவுபரிடம் கொடுத்தாள். இறைச்சிச் சட்டியோடு போய் ஞானராணியின் மருமகள் மேர்சியாவின் முன்னால் நின்றாள்.

"மாமி செத்து வருசம் திரும்பல்ல. இந்த முற எங்களுக்கு நத்தார் இல்ல," என்றாள் மேர்சியா.

"உங்களுக்கு இல்லாட்டி இல்லாம இருக்கட்டும் மகள். எனக்கு இரிக்கி. அடுப்ப மூட்டு."

கறி வந்தது. மைமூனா தன் வழமையான கதிரையில் இருந்தாள். வெறுமையாகக் கிடந்த எதிர்க் கதிரையைப் பார்த்து மேர்சியா விம்மினாள்.

"இனி மாமி வரமாட்டாவே."

"வராட்டி அது அவள்ட குத்தம். நான் வந்திட்டன்," என்று மைமூனா சோற்றைப் பிசைந்தாள்.