ஹால்வார்ட் விட்டுப்போன துவக்கு

ஹால்வார்ட் செத்துப்போன செய்தியும் அவரது வேட்டைத் துவக்கும் ஒரே நாளில்தான் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. துவக்கைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்தவள் அவரது தங்கையின் மகள். அடக்கம் முடிந்து மூன்று கிழமையாம். “மாமா இதை உங்களுக்கென்று எழுதிவைத்திருக்கிறார்” என்றாள். அருளானந்தன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அறுபது வயதில் அப்படி அழ வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அழவேண்டியவன்தான். எண்பத்தேழில் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட் ஊரின் மீன் தொழிற்சாலையில் விறைத்துப்போய் நின்ற பெடியனுக்குக் கத்தி பிடிக்கக் காட்டியதும், தன் காலுறையையே கழற்றிக் கொடுத்ததும் ஹால்வார்ட். ஆறரை அடி மனிதர், கலியாணம் கட்டாதவர். தொண்ணூற்றைந்தில் மற்றத் தமிழரைப் போல இவனும் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டான். அதன் பிறகு செப்டெம்பர் பிறந்தால் போன் வரும். ரிப்பை என்கிற மலைக்கோழி வேட்டை தொடங்குகிறது, வருகிறாயா என்று கேட்பார். “வாற வருஷம் கட்டாயம்” என்பான் இவன். பிள்ளைகளின் படிப்பு, கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று சாட்டுக்கா பஞ்சம்! கடைசி இரண்டு வருஷமும் போன் வரவில்லை. இவனும் எடுத்துக் கேட்கவில்லை.

இப்போது அந்தத் துவக்கை விடமாட்டேன் என்று நிற்கிறான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பொலிசில் விசாரித்தான். 1890க்கு முந்தியதாகவும், இன்றைக்குத் தோட்டா விற்காத குழல் வாயளவாகவும் இருந்தால் வீட்டில் வைத்திருக்கலாம். தோட்டா கிடைக்குமென்றால் ஒப்படைக்கவேண்டும் என்று சொல்லி, அதற்கான படிவத்தையும் தந்தார்கள். அளவு என்னவென்று இவனுக்குத் தெரியாது. மரப்பிடியில் ஹால்வார்டின் கையெழுத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கிறுக்கல் எழுத்து, ஆறுதலாகப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டு வேலைக்குப் போனான். செத்தவீட்டுச் சாமான் துடக்கோடு வீட்டுக்குள் கிடக்கலாமா? மனைவி ஞானமலர் அதைக் குளியல் தொட்டியில் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நன்றாக உரஞ்சிக் கழுவிவிட்டாள். கடதாசி கரைந்து போய்விட்டது.

“ரெண்டு வரி இருந்தது. கடையிலை ஒட்டின கடதாசி எண்டெல்லோ நினைச்சனான்” என்று அவள் விம்மினாள்.

“உம்மிலை பிழையில்லையப்பா. வந்த உடனை வாசிக்காமல் பிறகெண்டு விட்டது நான்தானே.”

“பொலிசிலை குடுத்துவிடுவமே? துவக்குக்குப் பயந்துதானே ஊரைவிட்டு வந்தனாங்கள்.”

“அந்த மனிசனட்டை இருந்து எனக்கு மிஞ்சினது இது ஒண்டுதான்.”



சனிக்கிழமை, குரோருட்டில் துவக்குத் திருத்தும் மாரித் என்ற பெண்மணியிடம் கொண்டுபோனான். “பழைய ரெமிங்டன். 1870களில் செய்தது” என்றாள் அவள். இவனுக்கு உயிர் வந்தது. அவள் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், முகம் மாறியது. மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் கம்பியால் தள்ளி மறுபக்கம் எடுத்து அளந்தாள்.

“ஐந்து புள்ளி ஏழு மில்லிமீட்டர். முதலில் பன்னிரண்டு இருந்திருக்கும். யாரோ உள்ளே புதுக் குழல் செருகியிருக்கிறார்கள். இதற்குத் தோட்டா எந்த வேட்டைக் கடையிலும் கிடைக்கும். ரிப்பை சுட நல்லது.”

“இன்னொருக்கால் அளந்து பாருங்கள்” என்று கெஞ்சினான். அளந்தாள். அதே ஐந்து புள்ளி ஏழு.

“குழல் புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரு தோட்டாகூடப் போனதாகத் தெரியவில்லை” என்றாள். பிறகு தோளில் ஊன்றும் மரப்பிடியைத் தடவிப் பார்த்து, “இதன் சொந்தக்காரர் உங்களைப் போலக் கட்டையான ஆளா?” என்று கேட்டாள்.

“இல்லை. ஆறரை அடி.”

“அப்படியென்றால் இதை அவர் தனக்காகச் செய்யவில்லை. பிடியை மூன்று விரற்கடை வெட்டிக் குறைத்திருக்கிறது. அவ்வளவு உயரமான ஆளுக்கு இது தோளில் நிற்காது.” பிடியின் அடித்தகட்டைக் கழற்றினாள். வேலை செய்த பட்டறையின் முத்திரையும் வருஷமும் உள்ளே இருந்தன. 1996.

அருளானந்தன் ஒஸ்லோவுக்கு வந்த அடுத்த வருஷம். ‘வாற வருஷம் கட்டாயம்’ என்று வாய்க்கு வந்ததை இவன் சொல்ல, அந்த மனிதர் அதை நம்பி, பாட்டன் காலத்துத் துவக்கை இவனுடைய உடம்புக்கு வெட்டி வைத்திருக்கிறார். பிறகு வருஷம் வருஷமாகப் போன் எடுத்திருக்கிறார். துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேனா என்று தன்னையே கேட்டான். அதற்கும் ஏதோ சாட்டுச் சொல்லியிருப்பான் என்பது அவனுக்கே தெரிந்தது.

மாரித் துவக்கை அவனிடம் நீட்டினாள். தோளில் வைத்துப் பார்த்தான். கன்னம் மரத்தில் பதிந்தது, விரல் தானாக விசையில் போய் நின்றது. எங்கேயும் இடிக்கவில்லை.

“வேட்டைப் பரீட்சை எழுதுங்கள். பாஸ் பண்ணினால் அனுமதி கேட்கலாம். நீங்களே வைத்திருக்கலாம்” என்றாள் அவள், மனமிரங்கி.

“இனி ஆரோடை போறது?” என்றான் அவன்.

தமிழில் கேட்டதால் மாரித்துக்கு விளங்கவில்லை. அவன் திருப்பிச் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் துவக்கை மேசையில் கிடத்திவிட்டு, பொலிசுக்கு ஒப்படைக்கும் படிவத்தில் எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று கேட்டான்.